காற்றையும் சேமிப்பில் வைக்கலாம்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதிகளின் காற்றாலைகள் இரவும் பகலும் சுழல்கின்றன. நள்ளிரவில் மின்தேவை குறைகிறது, காற்றோ குறைவதில்லை. அனல்மின் நிலையங்களை நினைத்தவுடன் நிறுத்தவும் இயலாது. எனவே, சில வேளைகளில் ஓடக்கூடிய காற்றாலைகளையே நிறுத்திவைக்க நேர்கிறது. மறுநாள் மாலை, விளக்கேற்றும் நேரத்தில், நிலக்கரியை எரித்து அதே மின்சாரத்தைப் பெறுகிறோம்.

இதற்கான தீர்வு நம் மலைகளில் முன்பே உண்டு. கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள நீரேற்றுப் புனல் மின்நிலையம் 1980களின் பிற்பகுதி முதல் இயங்கி வருகிறது. மின்சாரம் மிகுந்திருக்கும்போது கீழுள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்து நீர் காடம்பாறை அணைக்கு ஏற்றப்படுகிறது. தேவை மிகும்போது அந்நீரே கீழிறங்கி மின்சாரம் தருகிறது. 1,000 லிட்டர் நீரை 367 மீட்டர் உயரத்தில் வைத்தால், ஓர் யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் அதில் அடங்கும்.

வங்கி வாடிக்கையாளருக்கு இது விந்தையான வைப்பாகத் தோன்றலாம். 100 யூனிட் செலுத்தினால் ஏறத்தாழ 75 முதல் 80 யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். முதலே குறையும் வைப்பு எதற்கு? யூனிட்டின் மதிப்பு நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்பதே விடை. கொள்வாரில்லாத நள்ளிரவு மின்சாரத்தில் கால் பங்கை இழந்து, மாலை உச்ச நேரத்துக்கு முக்கால் பங்கைக் காப்பது இழப்பன்று. முழுவதும் வீணாவதே இழப்பு.

ஸ்பெயினுக்குரிய கனரித் தீவுகளில் ஒன்றான எல் இயரோவில் 2014ஆம் ஆண்டு காற்றாலைகளும் நீரேற்று நிலையமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. டீசலையே நம்பியிருந்த அச்சிறு தீவு, 2019 கோடையில் தொடர்ந்து 24 நாட்கள் டீசலின்றி மின்தேவையை நிறைவேற்றிக்கொண்டது.

புதிய அணை என்றால் காடும் நிலமும் மூழ்குமே என்னும் கவலை நியாயமானது. ஆகவே, ஏற்கெனவே உள்ள நீர்த்தேக்கங்களை இணைப்பதே முதல் வழியாக இருக்கவேண்டும். நீலகிரியில் உருவாகிவரும் 500 மெகாவாட் குந்தா திட்டம், போர்த்திமந்து, அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கங்களைக் கொண்டே அமைகிறது. இந்த அணுகுமுறையை நாடெங்கும் பின்பற்றலாம்.

எனினும், அணையைவிட அவசரமாகச் சீரமைய வேண்டியது விலையே. மைய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகள், வெயில் நேர மின்சாரத்துக்குக் குறைந்தது 20 விழுக்காடு கட்டணக் குறைப்பையும், உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணத்தையும் வகுத்துள்ளன. காற்று மிகும் பருவ இரவுகளுக்கும், குறைந்தது நீரேற்று நிலையங்களுக்கேனும், அத்தகைய சலுகை வேண்டும். மலிவாக வாங்கி, தேவைப்படும் நேரத்தில் விற்கும் வாய்ப்பில்லாத நிலையத்தில் எவரும் முதலிடமாட்டார்.

பல பத்தாண்டுகள் உழைக்கும் இந்நிலையங்களின் ஆயுளுக்கு ஏற்ற நீண்டகாலக் கடனும் தேவை. சேமிப்பின் அருமையை அறிந்த சமூகம் நாம். காற்று வரும் காலத்தில் அதைச் சேர்த்துவைக்கும் ஏற்பாட்டை இனியும் தள்ளிப்போடலாகாது.