வலி ஒன்றே வழிகாட்டியோ?

பல்லைப் பற்றித் தமிழாசிரியர் எழுதுவதென்ன என்று அன்பர் சிலர் வினவக்கூடும். எழுத்துக்கள் பிறத்தற்குரிய எட்டு உறுப்புக்களுள் பல்லையும் ஒன்றாக எண்ணினார் தொல்காப்பியனார். பல் போனாற் சொல் போம் என்பது பழமொழி. ஆதலின் மாணவர் வாய்நலம் பற்றிப் பேசும் உரிமை எமக்கும் உண்டு.

பசறை, நமுனுகுலை, ஹாலி-எல, மடூல்சீமை முதலிய ஊவாத் தோட்டங்களில் பல்லுக்கு ஒரே சட்டம் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. வலித்தாற் பிடுங்குவது, வலியாவிட்டால் விட்டுவிடுவது. பற்சூத்தைக்கு ஒருவாறு பொருந்தும் இச்சட்டம், பல்வேரைச் சார்ந்து தாடையில் தோன்றும் கட்டிகளுக்குச் சிறிதும் பொருந்தாது. அவற்றுட் பல புற்றுநோய் அல்ல. எனினும் ஒன்றுக்குரிய சிகிச்சை மற்றொன்றுக்குக் கேடாகும். மூன்றினை மட்டும் நோக்குவோம்.

வேரைப் போர்த்திய இழையத்திலிருந்து பிறப்பது சிமெந்தோபிளாஸ்டோமா. பெரும்பாலும் இளைஞரின் கீழ்க் கடைவாய்ப்பல் வேரோடு ஒட்டி வளர்ந்து வலியும் வீக்கமும் தரும். எக்ஸ்கதிர்ப் படத்தில் மெல்லிய கரிய வளையஞ் சூழ்ந்த வெண்ணிற உருண்டையாகத் தோன்றும். பல்லோடு கட்டியையும் முற்றாக அகற்றல் வேண்டும். எஞ்சியது மீண்டும் வளரும்.

இரண்டாவது, நடுவயதுப் பெண்களின் கீழ் முன்பற்களது வேர்நுனியில் என்பு மாறுபடும் நிலை. தொடக்கத்திற் படத்திலே சீழ்க்கட்டி போலக் கருமையாய்த் தோன்றும். பல்லோ உயிருடன் இருக்கும். குளிர் பட்டால் உணர்கின்றதா என்று சோதித்து இவ்வேறுபாட்டை அறியலாம். பொதுவாகக் கண்காணிப்பே போதும். அறியாது பிடுங்கினால் நல்ல பல் வீணாகும்.

மூன்றாவது அமெலோபிளாஸ்டோமா. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்புறத்தில் வலியின்றி ஆண்டுக்கணக்கிற் பெருத்து என்பை அரிக்கும். சுரண்டியெடுத்தாற் பலவேளை திரும்பி வரும். ஆதலின் சூழவுள்ள நல்லென்பிலும் ஒரு பகுதியை வெட்டியெடுப்பர். காலந் தாழ்த்துந்தோறும் வெட்டவேண்டிய அளவும் மிகும்.

ஆகவே, பிடுங்குமுன் படம். ஐயமெனில் இழையச் சோதனை. இதுவே எமது கருத்து. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசந்தானே என்பர். சிகிச்சை இலவசம், பதுளைக்குச் செல்லும் நாள் இலவசமன்று. கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒரு நாட்பேர் போகும். பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டால் மேலும் போகும். வலியில்லா வீக்கத்துக்காக அதனை இழக்க யார் துணிவர்? அந்நாட் சம்பளத்தைத் தோட்ட நிர்வாகமே ஈதல் வேண்டும்.

ஹரால்ட் லோ என்பாரும் துணைவரும் 1970 முதல் 15 ஆண்டுகள் இலங்கைத் தேயிலைத் தொழிலாளர் 480 பேரின் ஈறுகளை ஆய்ந்தனர். 1986 இல் வெளிவந்த அவ்வாய்வு உலகெங்கும் பல் வைத்திய மாணவர்க்குப் பாடமாயிற்று. உலகுக்குப் பாடமான வாய்க்கு ஒரு படம் எடுப்பிக்க ஒருநாட் சம்பளம் பெரிதன்று.

எமது பழைய மாணவருள் வைத்தியரும் தோட்ட உத்தியோகத்தரும் ஆசிரியரும் பலர். ஒருபுறம் வீங்கிய முகத்தை வகுப்பிற் கண்ட ஆசிரியர் பெற்றோர்க்கு அறிவிப்பாராக; உத்தியோகத்தர் விடுமுறை நல்குவாராக; வைத்தியர் ஆண்டுக்கொருமுறையேனும் தோட்டப் பாடசாலைப் படியேறுவாராக. விழாக் கொண்டாடும் கல்லூரிக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.