மணிக்கூடு வாங்கப் போகும் தம்பிக்கு



எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டார்: "சேர், நல்ல ஓட்டோமெட்டிக் மணிக்கூடு ஒன்று தவணைக்குத் தாறாங்க. எடுக்கட்டுமா?" கட்டுக்கரைப் பக்கம் காலபோகக் காசு கைக்கு வந்ததும் பலருக்கு வரும் ஆசைதான். அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

ஆசை பிழையில்லை. பற்றரி தேவையில்லை, கை அசைய உள்ளே ஒரு எடை சுற்றி சுருள்வில்லை முறுக்கும். ஆனால் துல்லியமான நேரத்துக்காக வாங்காதீர்கள். 2019 முதல் வரும் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் பலவற்றில் உள்ள 4ஆர்36 இயந்திரம் நாளுக்கு 45 செக்கன் முந்தலாம், 35 செக்கன் பிந்தலாம் என்று கம்பனியே சொல்கிறது. கழற்றி வைத்தால் சுமார் 41 மணித்தியாலத்தில் நின்றுவிடும். வெள்ளி பின்னேரம் கழற்றினால் திங்கள் காலை உதவாது. நோன்பு திறக்க மலிவான குவாட்ஸே நம்பிக்கை.

பிறகு ஏன்? திறந்து திருத்தலாம் என்பதற்காக. வாப்பா சவூதியில் வாங்கிய சீக்கோ 5, 1990 ஒக்டோபரில் எங்களோடு மன்னாரை விட்டு வெளியேறியது. புத்தளத்தில் இரண்டு தரம் விற்கப் பார்த்தார், உம்மா விடவில்லை. கழுவி எண்ணெய் விட்டு, இன்றும் என் கையில் ஓடுகிறது.

அதனால், தம்பி, தவணை வேண்டாம், வட்டியும் சேரும். பெரிய பெயர் போட்ட கொப்பியும் வேண்டாம். பிள்ளைகள் முன் பொய்யைக் கட்டிக்கொண்டு நிற்க ஏலாது. மிச்சம் பிடியுங்கள். திருத்த ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். நாளைக்கு உங்கள் மகனும் கட்டட்டும்.