நெய்வேலிக்குள் மூன்று சான் மரினோ

"நூற்று நாற்பது கோடி ஜனங்களில் பதினோரு பேர் கிடைக்காமலா போய்விட்டார்கள், ஸார்?"

உலகக் கோப்பைப் பந்தயம் வந்துவிட்டால் நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்தக் கேள்வி எழாத வீடு இல்லை. கேட்டவர் முகத்தில், தேசத்துக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்து முடித்த திருப்தி தெரியும். இதைவிட அசட்டுக் கணக்கு வேறு கிடையாது என்பது என் கட்சி.

1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நமக்கு நாலாவது இடம். நெவில் டிஸௌஸா ஆஸ்திரேலியாவின் மீது மூன்று கோல் போட்டார். 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவைத் தோற்கடித்து ஆசியத் தங்கம். அப்போது நம் ஜனத்தொகை இன்றைக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஜனம் பெருகியது, 2025இல் உலக வரிசையில் 130ஐயும் தாண்டிக் கீழே இறங்கினோம். தலையை எண்ணி என்ன பிரயோஜனம்?

எண்ணித்தான் தீருவேன் என்பவர்கள் சான் மரினோவை எண்ணிப் பாருங்கள். இத்தாலியின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் குட்டிக் குடியரசு அது. ஜனத்தொகை முப்பத்துநாலாயிரம் சொச்சம். 2011 கணக்கெடுப்பில் நெய்வேலிக்கு லட்சத்துக்கு மேல். ஆக, நம் டவுன்ஷிப்புக்குள் மூன்று சான் மரினோவை அடக்கிவிடலாம்!

அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் 1931இல் பிறந்தது. 1988இல் உலகச் சம்மேளனத்தில் சேர்ந்தது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு உத்தியோகம் பார்க்கிறவர்கள். 2006இல் ஜெர்மனியிடம் 13 கோல் வாங்கினார்கள். 2004இல் லீக்டென்ஸ்டைனை ஒரு முறை ஜெயித்தபின் இருபது வருஷம், 140 பந்தயங்கள், ஒரு வெற்றிகூட இல்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் சங்கம் அடுத்த பந்தயத்துக்கு ஆட்களை இறக்கியது. 2024 செப்டம்பரில் அதே லீக்டென்ஸ்டைனை மறுபடி ஜெயித்தார்கள். நவம்பரில் அவர்கள் ஊருக்கே போய் 3-1. ஐரோப்பிய லீக்கில் ஒரு படி மேலே ஏறியும் விட்டார்கள்.

நம் சம்மேளனத்தின் வயது 1937இலிருந்து ஆரம்பம். 2022இல் அது செய்தது என்ன? நிர்வாகிகளின் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை நியமித்தது. உலகச் சம்மேளனம் நம்மைத் தள்ளி வைத்தது. பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை இரண்டு மாதத்தில் நம் மண்ணில் நடக்க வேண்டிய நேரம்! வீட்டில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு சாவியைத் தொலைத்த கதை. நல்ல வேளையாக, பதினைந்து நாள் ஆவதற்குள் தடை நீங்கியது.

சம்மேளனத்தைத் திட்டினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையன் பந்தை எடுத்தால், "டியூஷனுக்கு நேரமாச்சு, வைடா கீழே" என்பது சம்மேளனத் தலைவரா? பெண் குழந்தை எடுத்தால் அந்த வசவுகூட இல்லை. பந்தே வாங்கித் தருவதில்லை.

இத்தனைக்கும் இதே மாவட்டத்தில், கடலூரில் பிறந்தவர் இந்துமதி கதிரேசன். இந்தியாவுக்காக ஆடியவர், போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். 2019இல் மதுரை சேது அணி தேசியப் பெண்கள் லீக்கை வென்றபோது அதில் இருந்தவர். அவர் ஆடிய பந்தயம் ஒன்றையாவது பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அர்ஜென்டினாவுக்காக நள்ளிரவில் கண் விழித்தவர்கள் முதலில் கையைத் தூக்கலாம்.