மூன்று முறை பறிக்கப்பட்ட வேலை

மக்கள் நலப் பணியாளர்களின் போராட்டத்தை இரு கட்சிகளின் சண்டையாக மட்டுமே பலரும் பார்க்கிறார்கள். நடுவில் நசுங்கியது படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த கிராமத்து இளைஞர்கள். 1989-இல் தி.மு.க. அரசு இவர்களை ஊராட்சிகளில் மக்கள் நலப் பணியாளர்களாக நியமித்தது. 1991-இல் ஆட்சி மாறியதும் நீக்கம். 1997-இல் மீண்டும் வேலை, 2001-இல் மீண்டும் நீக்கம். 2006-இல் சேர்த்தார்கள், 2011 நவம்பரில் சுமார் 13,500 பேரை ஒரே ஆணையில் வெளியே அனுப்பினார்கள்.

எங்கள் ஊராட்சியில் இருந்த மக்கள் நலப் பணியாளர் வீடு வீடாகப் போய் சிறுசேமிப்பு, குடும்ப நலம் பற்றிப் பேசியவர். முதியோர் உதவித்தொகை மனுவை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். வேலை போனபின் செங்கல் சூளைக்குக் கூலிக்குப் போனார். ஆனாலும் பணியாளர் சங்கக் கூட்டம் என்றால் கடன் வாங்கியாவது பேருந்து ஏறிவிடுவார்.

சங்கம் கலையாமல் நின்றதால்தான் நீக்கத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022-இல் கிடைத்ததோ மாதம் 7,500 ரூபாய் மதிப்பூதியத்தில் நூறு நாள் வேலைத் திட்டப் பணி ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு. அந்த ஏற்பாட்டை 2023-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. வேறு வழியின்றிப் பலர் சேர்ந்தார்கள். பழைய பதவியும் இல்லை, பழைய பணிக்காலமும் கணக்கில் இல்லை. இதை மறுநியமனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய பணிக்காலத்தைக் கணக்கிட்டு, அதே பதவிப் பெயரில் காலமுறை ஊதியம் வழங்க வேண்டும். காத்திருந்தே இறந்துபோனவர்களின் குடும்பங்களுக்கும் அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டும்.

– ஊராட்சி வாசகர் ஒருவர்