இடுப்புக்குக் கீழே வரும் அக்கி: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

அக்கி கண்டால் முதலில் வேளார் வீடா, ஆஸ்பத்திரியா என்ற பேச்சு ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. காவிக்கல்லைக் குழைத்து வேளார் அக்கியின் மேல் இறகால் எழுதுவதை எதிர்த்து முதியோர் சங்கமான நாங்கள் கொடி பிடிக்கப் போவதில்லை. எழுதினால் எரிச்சல் அடங்குகிறது என்பவர்களோடு எங்களுக்கு வழக்கும் இல்லை. எங்கள் கவலை நாள் கணக்கைப் பற்றியது. எழுதுவது பெரும்பாலும் மூன்று நாள். அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்வதும் கொப்புளம் தோன்றிய முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான். ஆகவே மருத்துவரைப் பார்த்து மாத்திரையை முதல் நாளே தொடங்க வேண்டும். அதன்பிறகு எழுதிக்கொள்வது அவரவர் விருப்பம். உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் எதையும் பூச வேண்டாம்.

சின்ன வயதில் அம்மை இறங்கி, சமயபுரத்தாளுக்கு நேர்த்திக்கடன் செலுத்தியதோடு அந்த அம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, வயதாகும்போதோ எதிர்ப்புசக்தி குறையும்போதோ ஒரு நரம்பின் வழியே ஒரு பக்கமாகக் கிளம்புகிறது. நெஞ்சிலும் விலாவிலும் வருவதுதான் அதிகம். பிட்டத்திலும் பிறப்புறுப்பிலும் வருவது குறைவு. அந்தக் குறைவான பேருக்காகத்தான் இந்த அறிக்கை.

முதுகுத்தண்டின் அடியிலிருந்து அங்கே வரும் நரம்புகளே சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் ஆண்குறி விறைப்பையும் பெண்ணின் உணர்ச்சியையும் ஆள்கின்றன. அவை வீங்கினால் சிறுநீர்ப்பை நிறைந்தும் சுருங்காது. சிலருக்கு நிறைந்ததே தெரியாது. ஒண்ணுக்கு வரவில்லை என்பார்கள், அல்லது சொட்டுச் சொட்டாகக் கசிகிறது என்பார்கள். ஆண் என்றால் பிராஸ்டேட் என்றும் பெண் என்றால் நீர்க்கடுப்பு என்றும் முடிவுகட்டி அனுப்பிவிடுவது எளிது. வேட்டியையோ புடவையையோ விலக்கிப் பார்க்காதவரை பிட்டத்துக் கொப்புளம் யார் கண்ணிலும் படாது. சில காலம் கதீட்டர் வைத்து சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருக்கலாம். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ சரியாகிவிடுகிறது என்பதையும் நோயாளியிடம் அன்றே சொல்ல வேண்டும். சிறுநீர் அறவே நின்றாலோ, இருக்கையில் படும் இடம் மரத்தாலோ, கால் தளர்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வேறு காரணமும் இருக்கலாம். அது அவசரச் சிகிச்சை தேவைப்படும் நிலை.

தாம்பத்தியம் பற்றி யாரும் கேட்பதில்லை. அறுபது வயதுக்காரருக்கு அதெல்லாம் எதற்கு என்ற எண்ணத்தை நாங்கள் ஏற்கவில்லை. விறைப்புக் குறைவதும், உணர்ச்சி மரத்துப்போவதும், உள்ளாடை உரசினாலே எரிவதும் இந்த நோயின் பகுதிதான். அக்கி ஆறியபின்னும் நீடிக்கும் நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் சிலருக்குச் சிறுநீரையும் அடைக்கும், ஆசையையும் குறைக்கும். பிராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு அதை எழுதும் முன் இதைப் பேசியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் வீட்டுக்குள். சீட்டில் 'ஹெர்பிஸ் ஜோஸ்டர்' என்று பார்த்ததும் கணவன் மனைவிக்குள் சந்தேகம் புகுந்துவிடுகிறது. அக்கி உடலுறவால் வரும் நோயல்ல. பால்வினை ஹெர்பிஸ் வேறு வைரஸ். குழப்பம் இருந்தால் கொப்புள நீரைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பித் தெளிந்துகொள்ளலாம். கொப்புளம் காயும்வரை, அம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் விலகியிருப்பது நல்லது. அந்த நீர் பட்டால் அவர்களுக்கு அம்மை வரக்கூடும்.

புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிடமும், ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையிடமும், மாநகராட்சியின் நகர்ப்புற சுகாதார நிலையங்களிடமும் எங்கள் கோரிக்கை ஒன்றே. இடுப்புக்குக் கீழ் அக்கி என்று வருபவரிடம் சிறுநீர், மலம், தாம்பத்தியம் மூன்றையும் மருத்துவரே, மறைவான இடத்தில், துணைக்கு வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு வீடு வீடாகப் போகும் பெண்களுக்கும் இப்படிக் கேட்கக் கற்றுத்தரலாம். மகன் வெளிநாட்டில், தான் தனியே என்றிருக்கும் ஸ்ரீரங்கத்துப் பாட்டி அவர்களிடம்தான் வாய் திறப்பார்.

அக்கிக்கான தடுப்பூசி 2023இல் இந்தியாவுக்கு வந்தது. 50 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு தவணை. ஒரு தவணையே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். பென்ஷனில் வாழ்பவருக்கு அது எட்டாது. எல்லோருக்கும் இலவசமாகக் கொடுங்கள் என்று இன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை. சிறுநீரக மாற்று, புற்றுநோய் சிகிச்சை ஆகியவற்றால் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்காவது, மருத்துவர் பரிந்துரைத்தால், அரசு செலவில் போடத் தொடங்க வேண்டும்.