மலைக்குளிர் மட்டும் போதாது

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் மிளகும் காப்பியும் அன்னாசியும் விளைகின்றன. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் குறையாத குளிர்ந்த மலை. இங்கே ஒயின் திராட்சை வைத்தால் என்ன என்று எண்ணத் தோன்றும். எண்ணுவதில் தவறில்லை. ஆனால் மிளகுக் கொடியை அகற்றிவிட்டுத் திராட்சை நடுமுன் கம்பம் பள்ளத்தாக்கின் அனுபவத்தைப் பார்ப்பது நலம்.

கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இந்த ரகம் மணத்துக்குப் பேர்போனது. ஒயினுக்கோ முரண்டு பிடிப்பது. தோல் மெல்லியது. பழுக்கும்போது மழை பெய்தால் வெடிக்கும். ஒரே குலையில் கறுத்த பழமும் சிவந்த பழமும் கலந்து நிற்கும். சாயமும் துவர்ப்பும் குறைவு.

அடுத்தது சர்க்கரை. ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால்தான் ஒரு சதம் ஆல்கஹால் உண்டாகும். 16 டிகிரி பிரிக்ஸில் வெட்டிய பழம் 9 சதத்தையொட்டியே தரும். 12 சதம் வேண்டுமானால் 21, 22 டிகிரி வரை பழத்தைக் கொடியில் விட வேண்டும். அதற்குள் மழை வரலாம், பறவை கொத்தலாம், எடையும் குறையலாம். வியாபாரி எடைக்கு மட்டும் விலை தரும்போது எந்த விவசாயி காத்திருப்பார்?

மலையில் சங்கடம் இன்னும் அதிகம். நாசிக்கில் அக்டோபரில் கவாத்து செய்து, மழையில்லாத பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை செய்கிறார்கள். கொல்லிமலையில் அக்டோபர் வடகிழக்குப் பருவமழைக் காலம். இளந்தளிர் மழையிலும் பனிமூட்டத்திலும் நனைந்தால் அடிச்சாம்பல் நோய் பிடிக்கும். ஒரு சத போர்டோ கலவை உதவும். ஆனால் மழை அதைக் கழுவிவிடும். டிசம்பர் கடைசிக்குக் கவாத்தைத் தள்ளினால் பழுக்கும் நேரத்தில் கோடை மழை எதிர்ப்படும்.

ஆகவே முதலில் பத்துக் கொடி மட்டும் நட்டு, இரண்டு மகசூல் பார்க்க வேண்டும். பழுக்கும் காலத்தில் வாரந்தோறும் சர்க்கரை அளந்து எழுதிவைக்க வேண்டும். ஒயின் தயாரிக்க அரசு உரிமம் தேவை. ஆகவே விவசாயி ஆலையை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த ஆலை எடைக்கல்லோடு சர்க்கரைமானியையும் வைத்து, டிகிரிக்கு ஏற்ப விலை தர முன்வர வேண்டும். நட்டத்தைத் தாங்குபவர் விவசாயி என்றால், தரத்துக்கான கூலியும் அவருக்கே சேர வேண்டும். அந்த ஒப்பந்தம் கைக்கு வரும்வரை மிளகுக் கொடி மரத்திலேயே இருக்கட்டும்.