எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில்?

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ கோவைக்கோ வண்டி ஏறுகிற எவருக்கும் ‘திருடர்கள் ஜாக்கிரதை’ என்ற இரண்டு சொற்களுக்கு உரை தேவைப்படுவதில்லை. படித்த மாத்திரத்தில் கை தன்னால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறது. முந்தானை முடிச்சு இறுகுகிறது. மஞ்சள் பை மடிக்கு வந்துவிடுகிறது. வாசிப்பவனின் மொழியில், ஆபத்து இருக்கும் இடத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருப்பதுதான் அந்த வாசகத்தின் பலம்.

பயணியின் பணம் இப்போது பையை விட்டுக் கைப்பேசிக்குள் போய்விட்டது. அதற்குள் தொங்கும் எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது என்பதே எங்கள் கேள்வி. இலக்கியம் பேசுகிற இடத்தில் கணினிக் குறிப்புகள் எதற்கு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மொழியால் நேரும் இழப்பைப் பற்றி மொழியில் அக்கறை உள்ளவர்கள் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

2022-இல் தமிழ்நாட்டில் பலருடைய கைப்பேசிகளுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மின்கட்டணம் கணக்கில் ஏறவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும் என்பது அதன் சாரம். அரைகுறை ஆங்கிலம், பிழைகள் மலிந்தது. ஆங்கிலம் நன்கு வாசிப்பவர் முதல் வரியிலேயே சிரித்திருப்பார். ஆங்கிலம் வாசிக்க வராதவருக்கு அந்தப் பிழைகள் கண்ணில் படுவதில்லை. அவருடைய வங்கி அனுப்பும் உண்மையான செய்தியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. திருடன் அனுப்பும் செய்தியும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. இரண்டும் அவருக்கு ஒரே மாதிரியான கோடுகள். மெய்யும் பொய்யும் ஒரே அந்நிய உடுப்பில் வந்து நின்றால் எதைக் கொண்டு பிரித்தறிவது? வங்கி எப்போதும் தமிழில் பேசுகிற வழக்கம் இருந்திருந்தால், ஆங்கிலத்தில் வந்தது என்பதே சந்தேகத்துக்குப் போதுமான காரணமாகியிருக்கும்.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்குள் 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு யூனிகோடு முறை வேண்டும். அதில் 70 இடங்களே. அதிலும் ‘கி’ என்ற ஓர் எழுத்து இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறது, புள்ளி வைத்த ‘க்’ கூட இரண்டு. ஆங்கிலத்தில் ஒரே செய்தியாகப் போவது தமிழில் மூன்றாக உடைந்து போகும். செலவும் அதற்கேற்ப ஏறும். கணக்குப் பார்க்கிறவர்களின் தரப்பு நமக்குப் புரியாமலில்லை. ஆனால் சில பைசாக்களை மிச்சம் பிடிக்கப் போய், ஓய்வூதியக்காரர் ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு பறிபோவது எந்தப் பேரேட்டில் செலவாக எழுதப்படுகிறது?

அந்த எண்ணை அழைத்தவர்களுக்கு நேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். மறுமுனையில் ஆள் இருந்தான், எரிச்சல்படாமல் பேசினான். ‘ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக’ என்ற பதிவுக்குரல் கிடையாது. சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு செயலியை நிறுவச் சொன்னான். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற அந்தச் செயலிகள் தம்மளவில் குற்றமற்றவை. தொலைவிலிருந்து இன்னொருவரின் கணினியைப் பழுதுபார்க்க உதவுபவை. நம் திரையில் தெரிவதெல்லாம் மறுமுனையிலும் தெரியும் என்பதுதான் அவற்றின் வேலை. பெயருக்குப் பத்து ரூபாய் கட்டச் சொல்வான். கட்டும்போது தட்டுகிற கடவுச்சொல்லும், பிறகு வரும் ஓடிபியும் அவன் கண்முன்னே விரியும். பூட்டை யாரும் உடைக்கவில்லை. வீட்டுக்காரரே கதவைத் திறந்து, விளக்கையும் போட்டுக் கொடுத்தார்.

இந்த மோசடிகளுக்கெல்லாம் இரண்டே கால்கள்: அதிகாரம், அவசரம். 2024-இல் பெரிதாகப் பேசப்பட்ட ‘டிஜிட்டல் கைது’ இதன் உச்சம். காக்கிச் சட்டையோடு வீடியோ அழைப்பில் தோன்றி, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, கேமராவை அணைக்காதே, யாரிடமும் பேசாதே என்று மிரட்டிப் பணத்தை மாற்றச் செய்வது. அந்த ஆண்டு லூதியானாவைச் சேர்ந்த ஜவுளிக் குழுமத் தலைவர் ஒருவர், 82 வயதுக்காரர், போலியாக நடத்தப்பட்ட உச்சநீதிமன்ற விசாரணையையே நம்பி 7 கோடி ரூபாயை இழந்தார். படிப்பும் பணமும் செல்வாக்கும் அவரைக் காக்கவில்லை. அக்டோபர் 27-ஆம் தேதி தம் வானொலி உரையில் பிரதமரே இதைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருந்தது. வீடியோவில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே கிடையாது என்ற ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் போதும். அந்த ஒரு வாக்கியம் எத்தனை வீடுகளில் தமிழில் சொல்லப்பட்டிருக்கிறது?

மதுரைக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்ட பாண்டியன், சிலம்பைச் சோதிக்காமலே தண்டனை தந்தான். அரண்மனைச் சிலம்பின் பரல் முத்து, கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம் என்ற சோதனை, உயிர் போன பிறகு நடந்தது. முதலில் உடைத்துப் பார்த்திருக்க வேண்டிய சிலம்பைக் கடைசியில் உடைத்தார்கள். மேலதிகாரி போலத் தோன்றுகிற ஒருவர், ‘இப்போதே’ என்று நெருக்கும்போது, சிலம்பு உடைபடும்வரை பொறுத்திரு என்பதுதான் எங்களுக்குத் தெரிந்து மிகச் சிறந்த இணையப் பாதுகாப்புக் குறிப்பு. அழைப்பைத் துண்டிப்பது, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நாமே அழைத்துக் கேட்பது: இதுதான் பரலை எண்ணிப் பார்க்கும் முறை.

மற்றக் குறிப்புகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். யூபிஐ வழியாகப் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பணம் அனுப்புவதாகச் சொல்லிப் பின் எண்ணைத் தட்டச் சொல்பவன் பணத்தை எடுக்கப் பார்க்கிறான். ஓடிபி வந்த செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல், எவ்வளவு தொகைக்கு, யாருக்கு என்பதையும் வாசிக்க வேண்டும். வாசிக்க இயலாதவர் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும். கணினி கேட்கும் புதுப்பிப்புகளைத் தள்ளிப் போடக்கூடாது. 2017 மே மாதம் உலகத்தை உலுக்கிய வான்னாகிரை வைரஸுக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது; முடங்கியவை பெரும்பாலும் அதைச் சாப்பிடாத கணினிகள்தாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதைப் பழைய கணினி வைத்திருப்பவர்கள் மனதில் கொள்ளட்டும்.

கடவுச்சொல் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். ‘கடவு’ என்றால் வழி, வாயில். கடந்து செல்ல உதவும் சொல் கடவுச்சொல். எவ்வளவு அழகான ஆக்கம்! ஆனால் கைப்பேசிக் கடையில் புதிதாக வாங்கியவுடன், கடைப்பையனே மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி, அவனே கடவுச்சொல்லும் வைத்து, அட்டைப்பெட்டியின் மேல் எழுதிக் கொடுப்பதைப் பார்க்கிறோம். தன் வீட்டு வாயிலின் சொல் தனக்கே தெரியாத பெரியவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! மின்னஞ்சலின் கடவுச்சொல்லே சாவிக்கொத்து. அது போனால் மற்றவற்றை மாற்றி எழுதிவிடலாம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைப்பது நல்லது. இலக்கிய அன்பர்கள் குறளின் முதல் அடியை வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக எண்ண வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்தது பூட்டாகாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் சேர்த்து இயக்கி வைக்கலாம்.

எழுதுகிறவர்களுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. சுவடி செல்லரிக்கும் என்று தெரிந்ததால்தான் நம் முன்னோர் அதைப் பெயர்த்தெழுதிக்கொண்டே இருந்தார்கள். பிரதி எடுக்கப்படாத நூல் அழிந்தது, எடுக்கப்பட்டது உ.வே.சா. கைக்கு வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அந்தப் பெயர்த்தெழுதும் மரபின் மின்வடிவம் என்றே சொல்லலாம். நம்மில் பலரோ ஐந்து வருட நாவலை ஒற்றை வன்தட்டில் வைத்திருக்கிறோம். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. இதற்கு மேல் நுட்பம் ஏதும் வேண்டியதில்லை.

இறுதியாக, எங்களை அதிகம் உறுத்துகிற விஷயம். ஏமாந்தவரை ‘சோணகிரி’ என்று சிரிக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பேராசையால் போனது என்று எளிதாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மின்சாரம் போய்விடும் என்று பயந்தவரிடமும், பிள்ளை போலீசில் மாட்டிக்கொண்டான் என்று கேட்டு நடுங்கியவரிடமும் எங்கே இருக்கிறது பேராசை? இந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் அவர்கள் வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை. இங்கே நேரம்தான் பணம். உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால், பணம் கைமாறி மறைவதற்குள் வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும் நாட்களைக் கணக்கிட்டே பொறுப்பை வகுத்தது: வங்கியின் பிழையும் வாடிக்கையாளரின் பிழையும் இல்லாத இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை; அவரே எண்ணைச் சொல்லிவிட்டிருந்தாலும், புகார் செய்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கு நாம் தரும் உபகாரம்.

வங்கிகள் தமிழில் பேசும் காலம் வரட்டும். அதைக் கேட்டுக் கடிதம் எழுதுவோம். அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று இருக்கிறது. இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளைத்தாளில், தங்கள் வீட்டுப் பெரியவருக்குப் புரிகிற வட்டாரப் பேச்சில், பெரிய எழுத்தில் மூன்று வரி எழுதி அவர் கைப்பேசி வைக்கும் இடத்தில் ஒட்டலாம். அவசரப்படுத்தினால் போனை வை. பணம் வாங்க நம்பர் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் 1930, பிறகு என்னிடம் சொல், திட்டமாட்டேன். மூன்றாவது வரியின் கடைசிச் சொல்லை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.